மண்டிக்கு வேண்டாத மஞ்சள்

பிள்ளைகளே, நம் மாங்காய் மண்டியின் வெப்சைட் ஏன் மாந்துளிர் நிறத்துக்கு மாறியது என்று இருவரும் இன்னும் கேட்கிறீர்கள். அன்று போனில் விளக்கம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பெரியவள் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன புதிது. சின்னவன் திருப்பதியில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தான். வெளியூர் போனவர்கள் சித்தூர் மாம்பழத்துக்கு ஏங்குகிறார்கள், வெப்சைட்டில் பார்த்தால் பெட்டி பெட்டியாக ஆர்டர் கொடுப்பார்கள் என்று சொல்லி, இருவரும் சேர்ந்து அந்தப் பக்கத்தைச் செய்தீர்கள். தலைப்பு மஞ்சள், ஓரம் மஞ்சள், எழுத்துக்குப் பின்னாலும் இளமஞ்சள். பழுத்த பங்கனப்பள்ளி மாதிரியே இருந்தது.

பெருமை தாங்காமல், காய் இறக்க வந்த பாலசமுத்திரத்து விவசாயி ஒருவரைப் பக்கத்து நெட் சென்டருக்குக் கூட்டிப்போனேன். வருஷா வருஷம் நம்மிடமே காய் போடுகிறவர். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாண்ணா, கட்சில சேந்துகினியா? ஒரு வார்த்த சொல்லவேயில்ல!"

"கட்சியா? மாம்பழ கலருப்பா அது."

"உனுக்கு மாம்பழம். எலெக்சன் வருது, ஆளுங்கட்சிக்காரன் ஊரெல்லாம் மஞ்சக் கொடி கட்டிக்கினு கீறான். நான் எதிர்க்கட்சி ஜெண்டா புடிக்கிறவன். இங்க காய் போட்டேன்னு தெரிஞ்சா எங்க ஆளுங்க என்னத் துன்னுடுவாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு கட்சிக்காரர்களும் காய் கொண்டுவருகிற மண்டி நம்முடையது. ஒரு டிராக்டர் வேறு மண்டிக்குத் திரும்பினால், அந்த ஊர் டிராக்டர் எல்லாம் பின்னாலேயே போய்விடும். உங்கள் படிப்பும் அந்த டிராக்டர்களில் வந்ததுதான். பச்சையும் நீலமும் வைக்கலாமா என்று யோசித்தேன். அதற்கும் ஒரு கொடி இருந்தது.

"அப்ப இன்னா கலருதான் வெக்கிறது?"

"எவனும் கொடில வெக்காத கலரா பாத்து வையிண்ணா."

மண்டி வாசல் மாமரம் புதிதாகத் துளிர் விட்டிருந்தது. அந்தச் செம்பு நிறத்தில் யாரும் ஓட்டுக் கேட்டு வந்ததில்லை.

சாயந்திரம் பெரியவளுக்குப் போன் செய்து, "மஞ்சள் வேணாம்மா, மாந்துளிர் கலரு வையி" என்றேன்.

"ஏன் நைனா, நல்லா இல்லியா?"

அவள் குரல் இறங்கிவிட்டது. "நல்லாதான் கீது, மாத்திடும்மா" என்றேன். ராத்திரிக்குள் மாற்றிவிடுவதாகச் சொன்னாள்.

அந்த விவசாயி இன்றும் நம்மிடம்தான் காய் போடுகிறார்.

அன்று போனை வைத்ததும் தனியாக நெட் சென்டருக்குத் திரும்பிப் போனேன். மஞ்சள் பக்கம் இன்னும் இருந்தது. அதைக் கலரில் ஒரு பிரதி எடுத்து, மடிப்பு விழாமல் சுருட்டிக் கொண்டுவந்து, பீரோ கதவின் உட்பக்கத்தில் ஒட்டினேன்.