நிலவறையில் தண்ணீர் கேட்ட குரல்

பேய்க்கதை சொல்லுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் பௌதிகம் படிப்பித்தவள் நான். வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம் என்று யாராவது தொடங்கினால், அந்தச் சேலையின் நிறை எத்தனை கிராம் என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். ஆகவே இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் பாதியிலேயே எழும்பிப் போயிருப்பேன்.

எண்பத்தாறாம் ஆண்டு ஜூலை மாதம். நாங்கள் டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற பட்டணத்தில் இருந்தோம். என் கணவர் வேலை செய்த துணித் தொழிற்சாலையை விடுமுறைக்கு மூன்று கிழமை பூட்டிவிட்டார்கள். எங்களுக்கு டேனிஷ் படிப்பித்த கிர்ஸ்டன், சில்க்போர்க் பக்கம் ஏரிக்கரையில் தன் தகப்பனுக்கு வீடும் பழத்தோட்டமும் இருக்கிறது, அவர் நோர்வேக்குப் போய்விட்டார், ஒரு கிழமை போய் இருங்கள் என்று வீட்டுத் திறப்பைத் தந்தாள். அங்கே நல்ல வெயில் என்றும் சொன்னாள், ஏதோ பவுண் கொடுக்கிறவள் மாதிரி. நாங்கள் வெயிலுக்குக் குடை பிடித்து வளர்ந்தவர்கள். இந்த மனிதர்களோ ஏரிக்கரை முழுக்கக் கருவாடு காயப்போட்ட மாதிரிக் கிடந்தார்கள். சுற்றிவர ஆப்பிள் மரம், செர்ரி மரம். கிழவர் தன் கையாலே செய்த செர்ரி வைன் நிலவறை நிறைய அடுக்கிக் கிடந்தது. அதைப் பற்றி ஊரெல்லாம் பெருமையாம். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். இருமல் மருந்து.

எங்களோடு கணவரின் தங்கை ராஜியும் வந்திருந்தாள். அவளுடைய புருஷனை இரண்டு வருடத்துக்கு முன் வவுனியாவில் ஆமிக்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள், பிறகு ஒரு தகவலும் இல்லை. நான் அவரைக் கண்டதே இல்லை. அவர்கள் கொழும்பில் கலியாணம் செய்தபோது நான் மஞ்சட்காமாலையோடு படுத்திருந்தேன். எஸ்பியர்க்கில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போய்வந்த நாளிலிருந்து ராஜி, அவர் வருவார், வருவார் என்றே கதைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது சுத்தப் பைத்தியமாகப் பட்டது. "செத்த ஆளுக்கு ஜெபம் பண்ணி என்னடி வரப்போகுது?" என்று முகத்துக்கு நேரேயே கேட்டிருக்கிறேன். அவள் போய்ப் பைபிளைத் திறந்து வைத்துக்கொள்வாள். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்டு முடிய, "மச்சாள், படகிலை ஒரு சுற்றுப் போவமே?" என்றாள் ராஜி.

"வெயிலிலை காய எனக்கென்ன விசரே? கொண்ணையைக் கூட்டிக்கொண்டு போ."

அவளுடைய அண்ணன், "பிறகு பாப்பம்" என்று கொட்டாவி விட்டார். நான் இரவுக் கறிக்கு மீன் வெட்ட சமையலறைக்குப் போய்விட்டேன்.

நிலவறைக்குப் போகும் படி சமையலறையிலிருந்துதான் இறங்குகிறது. கதவு திறந்து கிடந்தது. கொஞ்ச நேரத்தில் கீழே போத்தலோடு போத்தல் முட்டுகிற சத்தம் கேட்டது. ஜெபக்காரத் தங்கைக்குப் பயந்து மனிசன் ஒளித்திருந்து குடிக்கிறார் என்று நினைத்தேன்.

"என்னப்பா, அங்கை என்ன செய்யிறியள்?"

"ஒண்டுமில்லை." பிறகு, ஒரு மூச்சு விட்டு, "கொஞ்சம் தண்ணி தாங்கோ."

தொண்டை கட்டிய குரல். நிலவறைக்குள் யார் கதைத்தாலும் அப்படித்தான் கேட்கும்.

"வைன் தொண்டையைப் பிடிச்சிட்டுதோ? கால் இருக்குத்தானே, ஏறி வந்து குடியுங்கோ."

"ஏலாது."

அவ்வளவுதான் சொன்னது. அதில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வோமே, அந்த மாதிரி.

அப்போது வெளியே ராஜி சிரிக்கிற சத்தம் கேட்டு யன்னலால் பார்த்தேன். பளிச்சென்ற வெயில். ஏரியின் நட்டநடுவில் படகு. என் கணவர் துடுப்பை வலிக்கத் தெரியாமல் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தார், ராஜி எதிரே இருந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் பயப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் கள்ளன் என்றுதான் முதலில் நினைத்தேன். டென்மார்க்கில், யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிற கள்ளன்! என் புத்தி அன்று அந்த அளவில்தான் வேலை செய்தது. ஒரு கையில் மீன் வெட்டிய கத்தி, மறுகையில் ஒரு டம்ளர் தண்ணீர். தண்ணீரை ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். ஒருவரும் இல்லை. வேறு கதவு இல்லை, என் உள்ளங்கை அளவில் ஒரு யன்னல், அதுவும் பூட்டி இருந்தது. போத்தல்களின் மேலே தூசு கலையாமல் கிடந்தது. "ஆர்?" என்று கேட்டேன். வெட்கக்கேடு, டேனிஷிலும் ஒருக்கால் கேட்டேன். பிறகு டம்ளரை நிலத்தில் வைத்துவிட்டு ஏறி வந்தேன்.

அவர்கள் திரும்பி வந்தபோது ராஜியின் முகம் வெயிலில் சிவந்திருந்தது. இரண்டு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

"மச்சாள், அண்ணை துடுப்பைத் தண்ணிக்குள்ளை விட்டிட்டார்!" என்றவள் என்னைப் பார்த்து நின்றாள். "ஏன் உங்கடை முகம் இப்பிடி வெளிறிக் கிடக்கு?"

என்னவென்று சொல்வது? ஒரு ஆள் தண்ணி கேட்டது, கால் இல்லையோ என்று நான் கேட்டேன் என்றா?

"வெயில்" என்றேன்.

ராஜியின் புருஷன் வரவில்லை. சாவு என்றும் தகவல் வரவில்லை. மீன் வெட்டிய களைப்பு, வேற்று நாட்டு வெக்கை, காதுக்குள் ஏதோ கோளாறு என்று எனக்கு நானே எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்தேன். மாணவர்கள் யாராவது அப்படி எழுதித் தந்திருந்தால் சிவப்புப் பேனாவால் வெட்டியிருப்பேன்.

அடுத்த மாரிக்கு லண்டனிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர் ராஜியின் கலியாணத்தில் பதிந்த கசற் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் மாப்பிள்ளை இரண்டு நிமிடம் நன்றி சொல்லிப் பேசுகிறாராம். "அவரின்ரை குரலை நீங்கள் கேட்டதே இல்லையே, வாங்கோ மச்சாள்" என்று ராஜி கூப்பிட்டாள். நான் கோட்டும் போடாமல் வெளியே பனிக்குள் போய், கசற் முடிந்திருக்கும் என்று நிச்சயமான பிறகுதான் உள்ளே வந்தேன்.

ராஜி கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. அவளுடைய பெட்டிக்குள் அந்தக் கசற்றும் இருந்தது. ஐந்து நிமிடத்தில் போனுக்கு மாற்றித் தருகிறேன் என்று என் மகன் டேனிஷில் சொன்னான். நாடா கெட்டுப்போய்விட்டது என்றேன். அது கெடவில்லை. அலுமாரியில் துவாய்களுக்குக் கீழே இருக்கிறது. அதில் ஒரே ஒரு சொல் கேட்டால் போதும், தண்ணீர் கேட்டது யார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.