சபையை விழுந்து கும்பிட்டவன்

மலைமேல் சோளக்காட்டுச் சந்தையில் மிளகு விற்கும் கண்ணாயி லேசில் யாரையும் நம்ப மாட்டாள். பஸ் கண்டக்டர் சிரித்தால்கூட, இவன் எதற்குச் சிரிக்கிறான் என்று மடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். பிறவிக் குணம் அல்ல. தம்பி ராசுவைச் சும்மா விசாரித்து அனுப்பிவிடுவதாகச் சொல்லித்தான் போலீஸ்காரர்கள் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். மிளகு வியாபாரி ஒருவரைக் கொன்றுவிட்டான் என்று வழக்கு, கடைசியில் தூக்குத் தண்டனை. அப்பீல் இன்னும் கிடக்கிறது. அப்புறம் யாரைத்தான் நம்புவாள்?

அப்படிப்பட்டவளைத் தேடி வனிதா என்ற கரூர்க்காரி வந்தாள். தூக்குத் தண்டனை நியாயமாக விதிக்கப்படுகிறதா, அதற்கு என்ன செலவாகிறது என்று பார்க்கச் சட்டமன்றம் போட்ட குழுவில் அவளுக்கு வேலை. குடும்பத்தாரையும் குழு விசாரிக்கப் போகிறதாம்.

"ஏனுங்க, செலவெ எதுக்குங்க பாக்கறீங்க?" என்றாள் கண்ணாயி. "சோறு போட்டுக் கட்டுபடியாகலீன்னு வெரசாத் தூக்குல போட்டர்றதுக்குங்களா?"

வனிதா பதறிப்போனாள். "ஐயோ, இல்லம்மா! தப்பான ஆளத் தண்டிச்சிறக் கூடாதுன்னுதான்."

ஜீப்பில் வந்தவனும் இப்படித்தான் தேனொழுகப் பேசினான். கண்ணாயி மிளகைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஊர் கூடி நின்ன எடத்துல அதிகாரிங்க கேட்டப்ப, உங்க தம்பி நெடுஞ்சாண்கிடையா விழுந்து கும்பிட்டாராமே. குத்தத்த ஒத்துக்கிட்டதுக்கு அதுதான் அடையாளம்னு தீர்ப்புல இருக்கு. ஏம்மா விழுந்தாரு?"

கண்ணாயிக்குப் பகீரென்றது. விழாமல் எப்படிப் பேசுவது? அவர்கள் மலையில் ஊர்க்கூட்டத்துக்கு யாரைக் கூப்பிட்டாலும், தப்புச் செய்தவனோ செய்யாதவனோ, முதலில் சபையை விழுந்து கும்பிட வேண்டும். எழுந்த பிறகுதான் பேச்சு. பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்ததை இவள் ஏன் கேட்கிறாள்? ஏதோ பொடி வைத்துத்தான் கேட்கிறாள்.

"எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க" என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஆனாலும் விசாரணை நாளன்று நாமக்கல்லுக்கு பஸ் ஏறினாள். தம்பி உயிராயிற்றே. அங்கே என்ன சூழ்ச்சி நடக்கிறது என்று பார்த்துவிட்டு, வாயே திறக்காமல் திரும்புவதாகத் திட்டம்.

பெரிய ஹாலில் குழுவினர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனவள், தன்னை அறியாமலே தரையில் நெடுக விழுந்து கும்பிட்டாள்.

நடுவில் இருந்த தலைவர் பதறி எழுந்தார். "எந்திரிங்கம்மா! எதுக்கு விழறீங்க? நீங்க என்ன தப்புப் பண்ணினீங்க?"

தரையில் கிடந்தபடியே கண்ணாயிக்கு விளங்கிவிட்டது. அந்த வனிதா பொடி வைக்கவில்லை. இவர்களுக்கு நிஜமாகவே தெரியாது. எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

"நான் ஒரு தப்பும் பண்ணலீங்க சாமி. எங்கூர்ல சபையில பேசோணும்னா மொதல்ல உழுந்து கும்புடோணுமுங்க. என்ற தம்பியும் அதுக்குத்தானுங்க உழுந்தான். அவன் எந்திரிச்சுப் பேசறதுக்குள்ள ஜீப்புல ஏத்திட்டாங்க."