சிக்கந்தர் பாய்க்குக் கை தளரவில்லை

சிக்கந்தர் பாய் மவுத்தான செய்தி எங்கள் பழைய நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில், ஒரு காலை வணக்கத்துக்கும் மூட்டுவலிக் கஷாயத்துக்கும் நடுவில் வந்தது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டு வாசலில் நடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் விஷயத்தில் நான் சொன்ன பொய் போதும். 'ஐயோ, இனிமேல் சொல்ல முடியாதே' என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வந்தது.

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ராஜபாளையம் கடைவீதியில் செருப்புக் கடை வைத்திருந்தார். பிழைப்பு செருப்பு, பைத்தியம் புல் வெட்டும் மிஷின். மில் பங்களாக்களிலும் கிளப்புகளிலும் பள்ளிக்கூடங்களிலும் துருப்பிடித்து மூலையில் கிடக்கும் பழைய தள்ளு மிஷின்களைத் தேடிக் கொண்டுவந்து, கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கத்தியை அரத்தால் ராவி, பச்சை பெயின்ட் அடித்து நிறுத்துவார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டாயில் பதினோரு மிஷின்கள் வரிசையாக நின்றன. அந்த வீட்டில் ஒரு சாண் புல் கிடையாது. "இம்புட்டு இரும்புக்குப் பதிலா ஒரு மாடு வாங்கிருந்தா புல்லையும் தின்னுருக்கும், பாலும் குடுத்துருக்கும்" என்பார் அவர் மனைவி ஜமீலா. பாய் அதை எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் விளையாட்டு ஆசிரியராக இருந்த பள்ளியில் அப்படி ஒரு மிஷின் கிடப்பதாகக் கேள்விப்பட்டு வந்தபோதுதான் பழக்கம். பிறகு அவர் மிஷின் வேட்டைக்குப் போகும்போதெல்லாம் நானும் துணை. ஒருமுறை வ. புதுப்பட்டித் தோட்டம் ஒன்றில், பழைய மிஷின் ஒன்றிலிருந்து கழன்ற உருளையில் ஆட்டுக்குட்டியைக் கட்டிப் போட்டிருந்தார்கள். "ஆடு எதுல வேணாலும் நிக்கும். இது இல்லாம எம் மிஷின் நிக்காதே" என்று மன்றாடினார். தோட்டக்காரர் மசியவில்லை. மறுவாரம் அந்த வீட்டில் எல்லோர் கால் அளவுக்கும் செருப்பு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, உருளையை மடியில் வைத்தபடி பஸ்ஸில் வந்தார். ஆட்டுக்கு ஒரு முளையும் அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. எந்தப் புல்தரையில் மிஷினை இறக்கினாலும், முதலில் வெறுங்காலோடு அங்குலம் அங்குலமாக நடந்து பார்ப்பார். கல், கம்பி, ஆணி எதுவானாலும் காலில் தட்டுப்பட வேண்டும். "கண்ணு ஏமாத்தும் வாத்தியாரே, உள்ளங்கால் ஏமாத்தாது" என்பார். ஊருக்கெல்லாம் செருப்பு விற்கிற மனிதர் செருப்பைக் கழற்றச் சொல்கிறாரே என்று நாங்கள் கேலி செய்வோம். "அவசரக்காரன் கையில குடுத்தா நல்ல மிஷினும் மம்பட்டிதான்" என்பது அவர் பதில்.

அந்த அவசரக்காரன் நான்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளி விளையாட்டு விழாவுக்காக மைதானத்தைச் சீர் செய்ய வேண்டியிருந்தது. பாய் ஒரு வருஷம் பாடுபட்டு உயிர் கொடுத்த, மர உருளை வைத்த பெரிய மிஷினைக் கேட்டேன். வேறு யாருக்கும் தந்திருக்க மாட்டார். எனக்குத் தந்தார். கூடவே வருவதாக இருந்தவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். "செருப்பக் கழத்திட்டு ஒரு நடை பாத்துருங்க, பொறவு வெட்டுங்க" என்று போனில் இரண்டு தடவை சொன்னார். சரி சரி என்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பந்தல்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். நான் ஷூவோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மிஷினைத் தள்ளினேன். முந்தின வாரப் பந்தலுக்கு அடித்த இரும்பு முளை ஒன்று புல்லுக்குள் இருந்தது. 'டணார்' என்று ஒரு சத்தம். சுழலும் கத்திகளுக்கு அடியில் அசையாமல் நிற்கும் கீழ்க்கத்தியின் வலது பக்கம் பல் போல உடைந்துவிட்டது.

அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயமா வெட்கமா, இப்போதும் தெரியவில்லை. ஒரு லேத் பட்டறையில் கொடுத்து, உடைசல் தெரியாதபடி வலது பக்கத்தைத் தேய்த்து ராவி வாங்கினேன். பட்டறைக்காரர் கெட்டிக்காரர், தடயமே இல்லை. மிஷினைக் கொண்டுபோய் இறக்கியபோது பாய், "எப்படி வெட்டுச்சு?" என்று ஆசையோடு கேட்டார். "ஆரம்பத்துலருந்தே வலப்பக்கம் கொஞ்சம் பிடிக்கலை பாய்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

கத்தி சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க, நாள்காட்டியில் கிழித்த தாளை சுழலும் கத்திகளுக்கும் கீழ்க்கத்திக்கும் நடுவில் கொடுத்துச் சுற்றுவது அவர் வழக்கம். என் கண்முன்னால் அதைச் செய்தார். இடது பாதி சுத்தமாக அறுந்தது. வலது பாதி மடங்கி, கசங்கி வெளியே வந்தது. இன்னொரு தாள். அதுவும் அப்படியே. மூன்றாவதைக் கையில் எடுத்தவர் கொடுக்காமல் வைத்துவிட்டார். இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தார். "நாந்தான் கோணலா ராவிருக்கேன், கண்ணுக்குத் தெரியலையே" என்றார். நான் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். "வயசாகுதுல்ல பாய், கை தளரத்தான் செய்யும்" என்றேன்.

அதோடு விட்டார். மறுபடி அரத்தைத் தொடவில்லை. ஆறே மாதத்தில் பதினோரு மிஷினும் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக் கடைக்குப் போயின. கொட்டாயில் செருப்புப் பெட்டிகள் ஏறின. மொபெட் ஓட்டுவதைக்கூட நிறுத்தி, மகளின் பின்னால் உட்கார்ந்து கடைக்கு வந்தார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று இந்த இரண்டு வருஷத்தில் நாலு தடவை கடைக்குப் போனேன். "வாங்க வாத்தியாரே" என்று அவர் ஸ்டூலை இழுத்துப் போடுவார். நான் உட்கார்ந்து வெயிலைப் பற்றிப் பேசுவேன். சும்மா வந்தது போல் இருக்கக்கூடாதே என்று ஒரு செருப்பு வாங்கிக்கொண்டு திரும்புவேன். என் வீட்டில் இப்போது போடாத செருப்பு நாலு ஜோடி இருக்கிறது. கேட்கிறவர்களிடம் என்னவென்று சொல்ல?

மையவாடியில் மண் போட்டுவிட்டு வந்தேன். நாலு நாள் கழித்து மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். கணவர் மவுத்தானபின் வெளி ஆண்கள் முன்னால் வராமல் இருக்கும் இத்தா காலம் என்பதால் ஜமீலா திரைக்குப் பின்னால் இருந்தார். மகள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அந்தத் திரையைப் பார்த்தபடி முளை, பட்டறை, பொய், எல்லாவற்றையும் சொன்னேன். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். திரைக்குப் பின்னாலிருந்து ஜமீலா பேசினார்.

"அண்ணே, கடைசி வரைக்கும் அவிய சோத்துக் கையப் பாத்துக்கிட்டே இருப்பாவ. 'ஏன் இப்படி ஆச்சு ஜமீலா'ன்னு கேப்பாவ. நான் என்னத்தச் சொல்ல?" என்றார். பிறகு, "நீங்க சொல்லிருந்தா நாலு ஏச்சு ஏசிருப்பாவ. மறுநாளு விடிஞ்சதும் கொட்டாய்க்குப் போயிருப்பாவ. அம்புட்டுத்தானே அண்ணே? அந்த நாலு ஏச்ச வாங்க உங்களுக்கு ஏலலையா?"

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

பாயைத் தெரிந்த நண்பர்களே, 'பாய்க்குக் கை தளர்ந்துபோச்சு' என்று நீங்களும் டீக்கடையில் பேசியிருப்பீர்கள். அந்தப் பேச்சைக் கிளப்பியவன் நான். அது பொய். அந்த மனிதரின் கையும் கண்ணும் கடைசி நாள் வரைக்கும் நேராகவே இருந்தன. இதைப் படிப்பவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள்.

அவர் நினைவாக என்னிடம் மிஷினோ அரமோ எதுவும் இல்லை. எனக்கு விழுந்திருக்க வேண்டிய அந்த நாலு ஏச்சுதான் இருக்கிறது. அவர் குரலில் அதை எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அவர் யாரையும் கடுமையாக ஏசி நான் கேட்டதே இல்லை. அதனால் ஒவ்வொரு தடவையும், "போங்க வாத்தியாரே" என்பதற்கு மேல் வரமாட்டேன் என்கிறது.