சாமிக்குக் கொடுக்க நல்ல நுனி

பசங்களா, உங்கள் பெரியக்கா ஆறாவது படிக்கும்போது அவள் தலையின் உச்சி ஏரி, நுனி பொட்டல். காலையில் குளித்துவிட்டுப் போனால் மத்தியானத்துக்குள் நெற்றியில் எண்ணெய் வழியும். நுனியோ தேங்காய் நார். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ‘எண்ணெய்ச் சட்டி’ என்று பேர்.

உங்கள் அம்மா தினமும் உச்சியில் ஒரு கை எண்ணெய் வைத்துத் தட்டுவாள், சூடு தணியட்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிசுக்குப் போக, சீயக்காயை உச்சியிலிருந்து நுனிவரை போட்டுத் தேய்ப்பாள். எங்கள் கிணற்றுத் தண்ணீரோ உப்பு.

முந்தைய வருஷம் அக்கா காய்ச்சலில் கிடந்தாள். அவள் எழுந்து நடமாடினால் திருத்தணியில் முடி கொடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். ஆடிக் கிருத்திகைக்கு ஆறு வாரம் இருக்கும்போது, “மொட்டையே போட்டுடலாம். புதுசா நல்லா வரும்” என்றாள்.

சாயங்காலம் நான் சைக்கிளை நிறுத்துவதற்குள் அக்கா வாசலுக்கு வந்துவிட்டாள்.

“நைனா, மொட்டையோட ஸ்கூலுக்குப் போமாட்டேன். இப்பவே எண்ணெச் சட்டின்றாளுங்க. அப்புறம் இன்னான்னு கூப்புடுவாளுங்க?”

நான் உள்ளே போய் அம்மாவிடம், “பூமுடி குடுத்தா போதாதா? நுனியில கொஞ்சம் கத்திரிச்சுக் குடுக்கறது வழக்கம்தானே?” என்றேன்.

“குடுக்கலாம். எந்த நுனியக் குடுக்கறது? இந்த நாரயா? நமக்கே வேணாம்னு இருக்கறத சாமி தலையில கட்டிட்டு வர்றதா?”

ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆனாலும் அவள் பேச்சில் நியாயம் இருப்பது புரிந்தது. “நுனிய நல்லாக்கிக் காட்டினா?” என்றேன்.

“காட்டுங்க. அப்புறம் பேசலாம்.”

முதலில் தப்புதான் செய்தேன். எண்ணெயை அடியோடு நிறுத்தச் சொன்னேன். உச்சி அப்போதும் பிசுபிசுத்தது. நுனி இன்னும் காய்ந்து, சீப்பில் இரண்டு பல் போயிற்று. இரண்டு வாரமும் போயிற்று.

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வரப்போவதாகப் பேச்சு அடிபட்ட காலம் அது. நான் கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் மிஷினுக்கு எண்ணெய் விடுகிற வேலையில் இருந்தேன். அங்கே தோல் பெல்ட் காய்ந்து வெடிக்க ஆரம்பித்தால், துணியில் விளக்கெண்ணெயைத் தொட்டு, காய்ந்த இடத்தில் மட்டும் தடவுவோம். கூடிப்போனால் பெல்ட் வழுக்கிவிடும். ஒருநாள் அதைத் தடவிக்கொண்டிருக்கும்போதுதான், அக்கா தலையில் நாங்கள் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்கிறோம் என்று பட்டது. வழிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுகிறோம், காய்கிற இடத்தில் சீயக்காய் தேய்க்கிறோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் அக்காவை உட்காரவைத்தேன். தேங்காயெண்ணெய் நாலு சொட்டு. அதையும் உள்ளங்கையில் தேய்த்து நுனிக்கு மட்டும். சீயக்காயைச் சோற்றுக் கஞ்சியில் கரைத்து உச்சிக்கு மட்டும். சிக்கைக் கீழேயிருந்து மேலே, விரலால் எடுத்தேன்.

தண்ணீர் இறைக்க வந்த பக்கத்து வீட்டம்மா நின்று பார்த்தார்.

“இன்னாண்ணே, மில்லுல எண்ணெ உட்டது பத்தலியா? ஊட்லயும் அதே டூட்டியா?”

“நைனா ஓவர்டைம் பாக்குறாரு அத்தே” என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தாமல்.

உச்சியின் பிசுக்கு முழுதாகப் போகவில்லை, குறைந்தது. நுனிதான் வாரத்துக்கு வாரம் படிந்துகொண்டே வந்தது. அம்மா பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். கிருத்திகைக்கு முந்தின நாள் ஜடையின் நுனியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். “சரி, பூமுடியே குடுக்கலாம்” என்றாள்.

திருத்தணியில் முடி எடுப்பவர் கத்தரியோடு வந்ததும் அம்மா ஜடையைக் கையில் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

“கொஞ்சமா வெட்டுப்பா.”

“மூணு விரக்கடை எடுக்கணும்மா.”

“அவ்ளோ எதுக்கு? எவ்ளோ நல்லா இருக்குது பாரு.”

அக்கா திரும்பினாள். “நல்லதத்தான் சாமிக்குக் குடுக்கணும்னியேம்மா?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன். அவள் கையை எடுத்தாள். கத்தரி மூன்று தரம் சத்தம் போட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோடு நான் கிணற்றடிக்குப் போனபோது அக்கா தலையை விரித்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் அம்மா. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, “நாலு சொட்டுதானே? எனக்குத் தெரியும், போங்க” என்றாள்.