துருவல் சிஸ்டர்

சுகாதார அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் துருவல் சிஸ்டர். தொற்றுநோய் வந்த வீடுகளுக்குப் போய், எங்கே போனீர்கள், யாரோடு பழகினீர்கள் என்று துருவித் துருவிக் கேட்பதுதான் வேலை. பகலெல்லாம் கேட்டு அலுத்துப்போவதால் வீட்டில் கணவனிடம் "சாப்டாச்சா?" தவிர வேறெதுவும் கேட்கமாட்டாள். அதற்காகவே அந்த வேலைக்குக் கோயில் கட்டலாம் என்பான் அவன்.

இந்த முறை வந்தது தொண்டை அடைப்பான். ஆலைக் குடியிருப்பில் சில குழந்தைகள் படுத்தார்கள். அடுத்து ஊரின் மறுகோடியில், தையல்காரரின் மகள். அவளுக்கும் குடியிருப்புக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நடுவில் ஏதோ ஒரு வீடு விட்டுப்போயிருக்கிறது. அங்கே இன்னொரு குழந்தை வைத்தியமில்லாமல் கிடக்கலாம்.

"நாங்க எங்கயும் போகலீங்க" என்றார் தையல்காரர், மிஷினை விட்டு நிமிராமல். மனைவி தரையைப் பார்த்தாள்.

படிக்கட்டுவரை வழியனுப்ப வந்தவளிடம் சிஸ்டர் எதையும் கேட்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுத்தான் வரேன். பாப்பா இன்னைக்கு நல்லா மூச்சு விடுறாம்மா" என்றாள். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது.

"என் கொழுந்தனார் வீடு அந்த ஆலைக் குடியிருப்பை ஒட்டித்தான்க்கா. அண்ணன் தம்பிக்குள்ள பேச்சே கிடையாது. பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு? இவருக்குத் தெரியாம நான்தான் கூட்டிட்டுப் போவேன். சொல்லிடாதீங்க."

"என் வாயிலேருந்து வராது."

கொழுந்தனார் வீட்டுக் குழந்தைக்குக் கழுத்து வீங்கியிருந்தது. சாதாரணச் சளி என்று நினைத்திருந்தார்கள். சிஸ்டர் குழந்தையை வாரியெடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஆனால் தொற்று வார்டு ஊருக்கே ஒன்றுதான். மறுநாள் வராந்தாவில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நின்றார்கள். தையல்காரர் மனைவிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"சின்னதுக்கு எப்படிடா இருக்கு?" என்றார் தையல்காரர்.

"ஊசி போட்டிருக்காங்கண்ணே. பொழச்சுக்கும்னாங்க."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "ஒவ்வொரு தடவையும் பொண்ணு பன்னு வாசத்தோட வருவா. இவன் பேக்கரி வாசம் எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் சிஸ்டர்கிட்ட சொல்லாம விட்டேனே. வீம்பு வாயைக் கட்டிப்போட்டுடுச்சு."

சிஸ்டர் அண்ணன் தம்பி இருவர் கையிலும் தடுப்பு மாத்திரையை வைத்தாள். தம்பி விழுங்கிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்ட, அண்ணன் வாங்கி அப்படியே வாய்வைத்துக் குடித்தார்.

"ஐயோ, ஒரே பாட்டில்லயா!" என்று கத்தியேவிட்டாள் சிஸ்டர். பிறகு முகக்கவசத்துக்குள் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.