இன்ஜின் வராத கோபுரம்

வெர்லீன் நெக்கேஸ் கிரேன் ஓட்டுகிறவள். மிசிசிப்பியின் கில்ன் ஊரில் பிறந்தவள். இரண்டு கணவர்களைக் கட்டிப் பார்த்து, இரண்டு பேரையும் அனுப்பிவிட்டாள். வீட்டைக் கத்ரினா புயல் கொண்டுபோனதும், அரசாங்கம் கொடுத்த டிரெய்லரில் குடியேறினாள். சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. ஊரில் சிநேகிதம் குறைவாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

பைன் காட்டுக்குள் இருந்த ராக்கெட் சோதனைத் தளத்தில் புதிதாக ஒரு கோபுரம் கட்ட ஆள் எடுத்தார்கள். மனிதரை ஏற்றிப் போகும் பழைய விண்கலங்களுக்கு வயதாகிவிட்டது. டெக்சாஸ் வானத்தில் ஒன்று சிதறி, ஏழு பேர் செத்ததை வெர்லீன் காலைக் காப்பியும் கையுமாகத் தொலைக்காட்சியில் பார்த்தவள். இனி புதிய ராக்கெட் வரும், காற்றே இல்லாத உயரத்தில் அதன் இன்ஜின் எப்படி எரியும் என்று தரையிலேயே எரித்துப் பார்க்கத்தான் இந்தக் கோபுரம் என்றார்கள். அவளுக்கு அது நியாயமான வேலையாகப் பட்டது. இவ்வளவு நாள் கிரேனில் கடைகளுக்குக் கூரை ஏற்றிக்கொண்டிருந்ததற்கு, இது கொஞ்சம் உருப்படியான காரியம்.

அவள் தம்பி டூயிக்கும் அங்கே வேலை கிடைத்தது. டூயி நடமாடும் கழிப்பறைகளை வாடகைக்கு விடுகிறவன். 'என் வரிப்பணத்தில் கை வைக்காதே' என்று தன் லாரியின் பின்னால் ஒட்டிவைத்திருந்தான். ரேஷன் அட்டையோடு கடையில் நிற்கும் பெண்களைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும். தளத்துக்குக் கழிப்பறை கொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தபோது, அதுவும் வரிப்பணம்தான் என்பது மட்டும் அவன் நினைவுக்கு வரவில்லை.

கோபுரம் பாதி உயரம் வந்திருந்தபோது வாஷிங்டனில் ஆட்சி மாறியது. செலவு எகிறுகிறது, காலமும் தள்ளிப்போகிறது என்று சொல்லிப் புதிய ராக்கெட்டையே கைவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை டூயி வீட்டு முற்றத்தில் நண்டும் சோளமும் வெந்துகொண்டிருந்தன. டூயி இழவு வீட்டுக்காரனைப் போல உட்கார்ந்திருந்தான்.

"நம்மள நட்டாத்துல விட்டுட்டானுங்க அக்கா."

"நீதானேடா அரசாங்கம் செலவைக் குறைக்கணும்னு லாரியில ஒட்டிக்கிட்டுத் திரியுற? குறைச்சிட்டாங்க."

"அது வேற. சோம்பேறிங்களுக்கு அள்ளிக் குடுக்குறதைத்தான் நான் சொன்னேன். இது நாட்டோட எதிர்காலம்."

"எது, உன் கக்கூஸா?"

அவன் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டூயியின் துக்கம் அதிக நாள் நீடிக்கவில்லை. செனட்டில் யாரோ ஒரு புண்ணியவான் பெரிய மசோதா ஒன்றுக்குள் சின்னதாக ஒரு வரியைச் செருகிவிட்டார். கோபுரத்தைக் கட்டி முடித்தே தீர வேண்டும் என்றது அந்த வரி. தேவாலயத்தில் அதற்கு நன்றி சொல்லி ஜெபம் செய்தார்கள். வெர்லீன் மறுநாள் மேஸ்திரி லைல் குவேவஸிடம் போய் நின்றாள்.

"இப்ப எந்த இன்ஜினுக்குக் கட்டுறோம்?"

"எந்த இன்ஜினுக்கும் இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"முடிக்கணும்னு சட்டத்துல போட்டிருக்கு. முடிச்சிட்டு என்ன பண்றதுன்னு போடல. நீ போய் வண்டிய எடு, வெர்லீன்."

அவள் கிரேன் வண்டியை எடுத்தாள். கடலோரத்தில் தூண்கள் மேல் புது வீட்டுக்கு மரச்சட்டம் அடித்துவைத்திருந்தாள். அதற்குக் கூரை போடப் பணம் வேண்டும். டூயியைத் திட்டும் வாயால் தன்னையும் திட்டிக்கொண்டுதான் கோபுரத்தின் ஒவ்வொரு உத்தரத்தையும் தூக்கினாள். இதற்கிடையே பழைய விண்கலங்கள் கடைசியாக ஒருமுறை பறந்துவிட்டு அருங்காட்சியகங்களுக்குப் போயின. அமெரிக்க வீரர்கள் ரஷ்யர்களின் கலத்தில் கட்டணம் கொடுத்து இடம் பிடித்துப் போனார்கள். அதைக் கேட்டு டூயிக்கு ரத்தம் கொதித்தது. கோபுரத்தைப் பார்த்து மட்டும் அவனுக்கு ஒன்றும் கொதிக்கவில்லை.

வாஷிங்டனிலிருந்து ஒரு பத்திரிகைக்காரி வந்தாள். கெளுத்தி மீன் வறுத்துத் தரும் ஹோட்டலில் மேஜை மேஜையாகப் போய்க் கோபுரத்தைப் பற்றிக் கேட்டாள். எல்லோரும் மீன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். வெர்லீன் மட்டும் எதிர் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள்.

"உக்காரு. என்ன தெரியணும்?"

"இதைக் கட்டுறது வீண்னு நினைக்கிறீங்களா?"

"கட்டினது நல்லாத்தான் கட்டியிருக்கு. ஒரு இன்ஜின் கூட வராது, அவ்வளவுதான். ஆளுங்க ஏறிப்போக நமக்குன்னு ஒரு கலம் இல்ல. அதுக்குப் போகவேண்டிய காசு இங்க இரும்பா நிக்குது. இதைக் காப்பாத்தினவங்களுக்கு வானத்து மேல அக்கறைன்னு எழுதிடாதம்மா. அவங்க அண்ணாந்து பார்த்தே நாளாச்சு."

பேச்சு அப்படியே அச்சில் வந்தது, பெயரோடு. தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. டூயி டிரெய்லர் வாசலில் நின்று கத்தினான்.

"ஊரு வாயில மண்ணப் போட்டுட்டியே. உன் சம்பளம் மட்டும் எங்கேருந்து வருது?"

"அங்கேருந்துதான். நான் இல்லேன்னு சொல்லலையே. நீதான் சொல்லிட்டுத் திரியுற."

அவன் அதன் பிறகு அவளோடு பேசவில்லை. லைல் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான்.

"உன்னை நிறுத்தச் சொல்லி மேலேருந்து போன்."

"நிறுத்து."

"நிறுத்தினா வேற ஆள் வரணும். முடிக்கிற தேதி தள்ளிப்போகும். தேதியும் சட்டத்துல இருக்கு." லைல் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். "சட்டப்படி உன்னைத் துரத்தக்கூட முடியல."

முதலில் சிரித்தது லைல்தான்.

கடைசி உத்தரத்தை அவளே ஏற்றினாள். கோட்டு போட்டவர்கள் வந்து ரிப்பன் வெட்டினார்கள். எதைச் சோதிக்கப் போகிறோம் என்று சொல்ல வழியில்லாததால், தேசத்தின் திறன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு இனிப்புத் தேநீர் குடித்தார்கள். அவர்கள் கிளம்பிப் போன அதே வாரம் கதவுக்குப் பூட்டு விழுந்தது. துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள ஆட்கள் தேவை, வருகிறாயா என்று லைல் கேட்டான். "யாருக்காகப் பெயின்ட் அடிக்கணும், பருந்துக்கா?" என்றுவிட்டு அவள் தன் சாமான்களை எடுத்துக்கொண்டாள்.

கல்ஃப்போர்ட் துறைமுகத்தில் வாழைப்பழக் கப்பல்களில் சரக்கு இறக்கும் கிரேன் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. சம்பளம் குறைவு. முதல் நாள் அங்கிருந்த மேற்பார்வையாளர் விசாரித்தார்.

"இதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?"

"ராக்கெட்டுக்குக் கோபுரம் கட்டினேன்."

"அப்படியா? என்னாச்சு?"

"முடிச்சிட்டோம்."

அவர் மேலும் கேட்பார் என்று காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. கப்பல் காத்திருந்தது. அவள் ஏணியில் ஏறிப் போய் முதல் பெட்டியைத் தூக்கினாள். கீழே லாரிகள் வரிசையாக நின்றன. மாலைக்குள் பழப் பெட்டிகள் எல்லாம் கடைகளுக்குப் போய்விட்டன.