ஒரு குமிழிகூட இல்லை

மருந்துக் கடையில் பில் போடுகிறவளைத் தெருவே ‘டாக்டரம்மா’ என்றுதான் கூப்பிடும். பள்ளி இறுதியில் வேதியியலில் கோட்டை விட்டவளுக்கு இதைவிடப் பொருத்தமான பட்டப்பெயர் கிடைக்காது. ஆனால் மருந்தியல் படிக்கும் ஆசை அவளை விடவில்லை. மகன் அவள் உயரத்துக்கு வளர்ந்த பிறகு, வேலை முடிந்ததும் மாலைப் பள்ளிக்குப் போய் வேதியியலையும் கணக்கையும் மறுபடி படித்தாள். “அம்மாவும் பிள்ளையும் ஒரே பெஞ்சா?” என்று நாத்தனார் கேட்டபோது, “அவன் முன் பெஞ்சு அண்ணி, நான் கடைசி” என்று சமாளித்தாள்.

கணவன் நகல் எடுக்கும் கடை வைத்திருந்தான். அவள் படித்த காலம் முழுக்கச் சமையல் அவன் பொறுப்பு. அதைப் பற்றி அதிகம் பேசாமலிருப்பதே மரியாதை. லேமினேஷன் மட்டும் அவன் கை பட்டால் தனி. ‘போட்டால் போட்டதுதான், பிரியாது’ என்று கடை வாசலிலேயே எழுதி வைத்திருந்தான். வீட்டில் கல்யாணப் படம் முதல் மகனின் முதல் கிறுக்கல் வரை எல்லாம் பளபளவென்று சாகாவரம் பெற்றுக் கிடந்தன.

புது மதிப்பெண் சான்றிதழ் தபாலில் வந்தபோது அவள் வேலையில் இருந்தாள். வீடு திரும்புவதற்குள் அதற்கும் வரம் கிடைத்துவிட்டது. வேதியியலில் எண்பத்தொன்று. இருவரும் மாறி மாறி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள்.

அவள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பத்தோடு போன அன்றுதான் கடைசி நாள். வயது வரம்புப்படி அவளுக்கு அதுவே கடைசி வருடமும்கூட. ஜன்னலுக்குப் பின்னாலிருந்த எழுத்தர் முதலில், தேறாத பழைய சான்றிதழைத் திருப்பி முத்திரை குத்தினார். யாரும் மதிக்காததால் யாரும் உறை போடாத தாள் அது. பிறகு புதியதைத் திருப்பியவர் முத்திரையைக் கீழே வைத்துவிட்டார்.

“லேமினேஷன் போட்டது செல்லாதும்மா. பின்னாடி முத்திரை விழணும்.”

பிரித்துத் தரட்டுமா என்று கேட்டாள். மையும் சேர்ந்து வந்துவிடும் என்றார். கணவன் வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்வதும் அதைத்தான். மறுபிரதிக்கு எழுதிப் போட்டால் இரண்டு மாதமாகும். வேறு வழியே இல்லையா என்றாள். அவர் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினார். விதி தெளிவாகத்தான் இருந்தது. அந்த அறிவிப்புக்கும் லேமினேஷன் போட்டிருந்தார்கள். ஓரத்தில் காற்று புகுந்து உப்பியிருந்தது.

எழுத்தர் நல்ல மனிதர். சான்றிதழைத் திருப்பித் தரும்போது ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தார்.

“ஆனா வேலை ரொம்ப நேர்த்திம்மா. ஒரு குமிழிகூட இல்ல.”

வெளியே, கடையை அடைத்துவிட்டு வந்திருந்த கணவன் வண்டியில் சாய்ந்து நின்றான்.

“என்னம்மா, என்ன சொன்னாங்க?”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

“வேலை ரொம்ப நேர்த்தியா இருக்காம்.”

“கடை எங்கன்னு சொன்னியா?” என்று கேட்டபடி அவன் வண்டியைக் கிளப்பினான்.